தல்பீனா: துயருற்றோருக்கான ஒரு கஞ்சியின் வரலாறு

இமாம் புகாரீ (ரஹ்) (மறைவு: ஹிஜ்ரீ 256 / கி.பி. 870) தமது ஸஹீஹில் ஒரே உணவுக்கு இரண்டு இடங்களில் தலைப்பிட்டுள்ளார்கள். உணவுகள் பற்றிய பகுதியில் 'தல்பீனா' என்றொரு பாடமும், மருத்துவம் பற்றிய பகுதியில் 'நோயாளிக்கான தல்பீனா' என்றொரு பாடமும் இடம்பெற்றிருக்கின்றன. தல்பீனா என்பது வாற்கோதுமை மாவை நீரில் காய்ச்சி, தேனோ பாலோ சேர்த்து, இளஞ்சூட்டில் உறிஞ்சிக் குடிக்கும் இனிப்புக் கஞ்சி. அது உணவா, மருந்தா என்ற வினாவுக்கு இரண்டும்தான் என்று இவ்விரு தலைப்புகளும் விடை கூறுகின்றன.

இன்று அரபு நாடுகளின் அங்காடிகளில் தல்பீனா மாவு அழகிய பொதிகளில் விற்கப்படுகிறது. மனச்சோர்வு முதல் நீரிழிவு வரை அனைத்தையும் தீர்க்கும் அருமருந்து என்ற விளம்பரமும் அதனுடன் சேர்ந்து வருகிறது. பொதியில் மாவு இருக்கிறது. ஆனால் அக்கஞ்சி எப்போது, யாருக்காக, யாரால் காய்ச்சப்பட்டது என்ற செய்தி அதில் இல்லை. அச்செய்தியை மூல அறிவிப்புகளிலிருந்து தேடி எடுப்பதே நமது நோக்கம்.

பெயரும் பொருளும்

அரபு மொழியில் 'லபன்' என்றால் பால். அதனடியாகப் பிறந்த சொல்லே தல்பீனா. 'தல்பீன்' என்றும் இது வழங்கும். பெயருக்கான காரணத்தில் மொழியறிஞர்களிடையே இரு கருத்துகள் உள்ளன. வெண்மையிலும் நீர்த்த தன்மையிலும் பாலை ஒத்திருப்பதால் இப்பெயர் வந்தது என்போர் ஒரு சாரார், ஹதீஸ் சொல்லகராதி கண்ட அபூஉபைத் அல்ஹரவீ (மறைவு: ஹி. 401 / கி.பி. 1011) இக்கருத்தினர். பால் கலக்கப்படுவதால் வந்தது என்போர் மற்றொரு சாரார்.

பஸராவின் பெரும் மொழியறிஞர் அல்அஸ்மயீ, மாவு அல்லது தவிட்டால் செய்யப்பட்டுத் தேன் சேர்க்கப்படும் கஞ்சியே இது என்று விளக்கியதாகவும், தேனுக்குப் பதிலாகப் பால் என்று வேறு சிலர் கூறியதாகவும் ஹாஃபிழ் இப்னு ஹஜர் அல்அஸ்கலானீ (மறைவு: ஹி. 852 / கி.பி. 1449) ஃபத்ஹுல் பாரீயில் பதிவு செய்கிறார்கள். அஸ்மயீ ஒன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் மறைந்தவர். ஆகவே தேனிட்ட கஞ்சி என்ற விளக்கம் ஏறத்தாழ 1,200 ஆண்டுப் பழமை உடையது. இனிப்பு இதில் பிற்காலத்தார் சேர்த்த அலங்காரமன்று.

ஆனால் பேரீச்சம் பழமும் பாதாமும் பிஸ்தாவும் தூவி, கரண்டி நிற்குமளவு கெட்டியாக இன்று பரிமாறப்படும் பண்டத்தை இவ்விளக்கங்களில் காண இயலவில்லை. பழைய தல்பீனா பாலைப்போல் ஓடக்கூடியது. மெல்ல வேண்டிய தேவையின்றித் தொண்டையில் இறங்குவது. உண்ண மனமில்லாதவருக்காக உருவான உணவு அது என்பதை அதன் நீர்மையே சொல்கிறது.

மதீனாவின் வாற்கோதுமை

நபி (ஸல்) அவர்கள் காலத்து மதீனாவில் நல்ல கோதுமை அரிதாகவே கிட்டியது. மக்களின் அன்றாட உணவு பேரீச்சம் பழமும் வாற்கோதுமையுமே. அண்ணலார் மறைந்த வேளையில் அவர்களுடைய கவசம் 30 ஸாஉ வாற்கோதுமைக்காக ஒரு யூதரிடம் அடகில் இருந்தது என்ற அறிவிப்பை நாம் அறிவோம். குடும்பத்தாரின் உணவுக்காகவே அந்த வாற்கோதுமை பெறப்பட்டிருந்தது.

அந்த மாவு எத்தகையது? நபித்தோழர் ஸஹ்ல் இப்னு ஸஅத் (ரலி) அவர்களிடம் பிற்காலத்தவர் இதைக் கேட்டனர். அண்ணலார் காலத்தில் சல்லடையே கிடையாது என்றும், வாற்கோதுமையை அரைத்து ஊதுவோம், பறப்பது பறந்துவிடும், எஞ்சியதை நனைத்துப் பிசைந்து உண்போம் என்றும் அவர்கள் விடையளித்தார்கள். உமியின் பெரும்பகுதி காற்றில் போய்விடும். தவிடு மாவுடனேயே தங்கிவிடும். அஸ்மயீயின் விளக்கத்தில் மாவுக்கு அருகே தவிடும் இடம்பெற்றதன் பின்னணியை இவ்வறிவிப்பிலிருந்து ஊகிக்கலாம். தல்பீனா செல்வர் வீட்டுப் பலகாரமாக இருந்ததில்லை. ஏழை வீட்டிலும் ஒரு பிடி மாவும் ஒரு சட்டி நீரும் இருந்தால் அது ஆகிவிடும்.

வாற்கோதுமை நோயுற்றுத் தேறியவருக்கு ஏற்ற தானியமாகவும் கருதப்பட்டது. நோயிலிருந்து அப்போதுதான் எழுந்திருந்த அலீ (ரலி) அவர்கள், உம்முல் முன்திர் (ரலி) அவர்களின் வீட்டில் தொங்கவிடப்பட்டிருந்த பேரீச்சங் குலையிலிருந்து உண்ணத் தொடங்கியபோது அண்ணலார் தடுத்தார்கள். பின்னர் அப்பெண்மணி கீரையும் வாற்கோதுமையும் சேர்த்துச் சமைத்துவர, அதையே உண்ணுமாறு அலீ (ரலி) அவர்களைப் பணித்தார்கள். அபூதாவூதும் திர்மிதீயும் இந்நிகழ்ச்சியைப் பதிவு செய்துள்ளனர்.

அன்னையின் அடுப்பு

தல்பீனாவின் வரலாற்றில் நடுநாயகமாக விளங்குபவர் அன்னை ஆயிஷா (ரலி) (மறைவு: ஹி. 58 / கி.பி. 678). புகாரீயில் உள்ள அறிவிப்பை அன்னையின் சகோதரி மகனும் மாணவருமான உர்வா இப்னு ஸுபைர் (ரஹ்) எடுத்துரைக்கிறார்கள். அன்னையின் மருத்துவ அறிவு கண்டு வியந்து, அது எங்கிருந்து கிடைத்தது என்று கேட்டவரும் இதே உர்வாதான். அண்ணலார் இறுதிக் காலத்தில் நோயுற்றிருந்தபோது பல திசைகளிலிருந்தும் வந்த அரபுத் தூதுக் குழுவினர் மருந்துகளைக் கூறியதாகவும், அவற்றைக் கொண்டு தாம் பணிவிடை செய்ததாகவும் அன்னை மறுமொழி கூறினார்கள்.

உர்வாவின் அறிவிப்பு காட்டும் காட்சியின் வரிசை கருத்தூன்றி நோக்கத்தக்கது. அன்னையின் குடும்பத்தில் ஒருவர் இறந்துவிட்டால் பெண்கள் கூடுவார்கள். பின்னர் அவர்கள் கலைந்து செல்வார்கள். குடும்பத்தாரும் மிக நெருங்கியவர்களுமே எஞ்சுவார்கள். அப்போதுதான் ஒரு சட்டி தல்பீனா காய்ச்சுமாறு அன்னை பணிப்பார்கள். ரொட்டியைப் பிய்த்துப் போட்டு 'ஸரீத்' செய்யப்படும். அதன்மேல் தல்பீனா ஊற்றப்படும். அதை உண்ணுமாறு கூறிவிட்டு, தல்பீனா நோயாளியின் நெஞ்சுக்கு ஆறுதல் தரும், கவலையில் ஒரு பகுதியைப் போக்கும் என்று அண்ணலார் கூறக் கேட்டதாக அன்னை எடுத்துரைப்பார்கள்.

இங்கே இரு நுட்பங்கள் உள்ளன. ஒன்று, கவலை முழுவதையும் போக்கும் என்று சொல்லப்படவில்லை. ஒரு பகுதியை என்றே சொல்லப்பட்டது. இறந்தவரை மறக்கச் செய்யும் ஆற்றல் எந்த உணவுக்கும் கிடையாது. மற்றொன்று, 'முஜிம்மா' என்ற சொல். இதன் வேர்ச்சொல், நீர் இறைக்கப்பட்ட கிணறு மீண்டும் ஊறி நிரம்புவதையும், ஓடிக் களைத்த குதிரை இளைப்பாறி வலுப்பெறுவதையும் குறிக்க வழங்குவது. துயரத்தால் வற்றிய நெஞ்சம் மெல்ல ஊறுகிறது. அவ்வளவே இக்கஞ்சியின் பணி.

புகாரீயின் மருத்துவப் பகுதியில் வரும் அறிவிப்பு மேலும் ஒன்றைச் சொல்கிறது. தல்பீனாவைப் பரிந்துரைக்கும்போது அன்னை அதனை 'வெறுக்கப்படுவது, ஆயினும் பயனுள்ளது' என்னும் பொருளில் குறிப்பிடுவார்கள். தேன் கலந்த கஞ்சியை யார் வெறுப்பார்? நோயாளி வெறுப்பார்; துயருற்றவர் வெறுப்பார். பசி அற்றுப்போனவருக்கு எந்த உணவும் கசக்கும் என்ற அனுபவ அறிவு இச்சிறு தொடரில் அடங்கியிருக்கிறது. இப்னு மாஜாவில் உள்ள ஓர் அறிவிப்பின்படி, அண்ணலாரின் குடும்பத்தில் ஒருவர் நோயுற்றால், அவர் குணமடையும்வரை அல்லது இறக்கும்வரை கஞ்சிச் சட்டி அடுப்பை விட்டு இறங்காதாம். இதன் அறிவிப்பாளர் தொடர் புகாரீயினதைப்போல் வலுவானதன்று. ஆயினும், கைவிடாத பணிவிடையின் சின்னமாக அந்தச் சட்டி நினைவுகூரப்பட்டதை இது காட்டுகிறது.

மூன்று அறிவிப்புகளின் ஒருமை

இறப்பு நிகழ்ந்த வீட்டின் உணவு குறித்து இன்னும் இரு அறிவிப்புகள் உள்ளன. ஹிஜ்ரீ 8இல் (கி.பி. 629) மூத்தாப் போரில் ஜஅஃபர் இப்னு அபீதாலிப் (ரலி) உயிர்த்தியாகம் செய்த செய்தி எட்டியபோது, ஜஅஃபரின் குடும்பத்தாருக்கு உணவு சமைத்துக் கொடுக்குமாறு அண்ணலார் மற்றவர்களைப் பணித்தார்கள், அவர்கள் துயரத்தில் மூழ்கியிருப்பதைக் காரணமாகவும் கூறினார்கள். அடக்கம் செய்த பின்னர் இறந்தவரின் வீட்டில் கூடுவதையும் அங்கு உணவு சமைப்பதையும் ஒப்பாரியின் ஒரு வகையாகவே தோழர்கள் கருதி வந்ததாக ஜரீர் இப்னு அப்துல்லாஹ் (ரலி) அறிவிப்பது மற்றொன்று.

மேலோட்டமாக நோக்குவோருக்கு அன்னையின் வழக்கம் இவற்றோடு முரண்படுவதுபோல் தோன்றலாம். துயர் வீட்டாருக்குப் பிறர் சமைத்துத் தரவேண்டும் என்றிருக்க, அன்னை தம் குடும்பத்தாருக்கு ஏன் சட்டியை ஏற்றச் சொன்னார்கள்? விடை அக்காட்சியின் வரிசையில்தான் உள்ளது. கூட்டம் கலைந்த பிறகே அடுப்பு மூட்டப்பட்டது. வந்தவர்களை உபசரிக்க அக்கஞ்சி காய்ச்சப்படவில்லை. எஞ்சியவர்களைத் தேற்றவே காய்ச்சப்பட்டது. துயருற்றவர் மீது விருந்தோம்பலின் சுமையை ஏற்றுவதையே ஜரீர் (ரலி) அவர்களின் அறிவிப்பு கண்டிக்கிறது. அச்சுமையை இறக்குவதற்கே ஜஅஃபர் குடும்பத்தாருக்கான கட்டளை வந்தது. அன்னையின் தல்பீனா இவ்விரண்டுக்கும் அடுத்த கட்டம். அண்டை வீட்டார் தந்த உணவும் வந்தவர்களின் ஆறுதல் மொழிகளும் ஓய்ந்து, வீடு வெறிச்சோடிப் போகும் நேரத்திற்குரிய உணவு அது. நாம் இங்கு சட்டத் தீர்ப்புக் கூற முற்படவில்லை. மூன்று அறிவிப்புகளிலும் ஊடாடும் பரிவு ஒன்றே என்பதையே சுட்டுகிறோம்.

மருத்துவர்களின் பார்வை

வாற்கோதுமைக் கஞ்சியை நோயாளிக்குப் பரிந்துரைத்தோர் அரபியர் மட்டுமல்லர். ஹிப்போக்ரட்டீஸின் பெயரால் வழங்கும் கடும் நோய்களுக்கான உணவு முறை பற்றிய கிரேக்க நூல், 'ப்டிஸானே' என்னும் வாற்கோதுமைக் கஞ்சியைப் பெரிதும் போற்றுகிறது. அக்கஞ்சியின் பெயராலேயே அந்நூலைப் பண்டையோர் சுட்டியதும் உண்டு. ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் ஹுனைன் இப்னு இஸ்ஹாக்கும் (மறைவு: 873) அவருடைய குழுவினரும் கிரேக்க மருத்துவத்தை அரபுக்குக் கொண்டுவந்தபோது இவ்வறிவும் உடன் வந்தது. பத்தாம் நூற்றாண்டில் இப்னு ஸய்யார் அல்வர்ராக் தொகுத்த பக்தாதின் சமையல் நூல், கலீஃபாக்களின் விருந்துணவுகளோடு நோயாளிகளுக்கான உணவுகளுக்கும் இடம் தந்தது.

இவ்வாறு மதீனாவின் நபிமொழியும் கிரேக்கரின் மருத்துவமும் ஒரு சட்டியில் சந்தித்தன. தல்பீனாவின் பயன்களை அறிய விரும்புவோர் வாற்கோதுமை நீரின் பயன்களை அறிந்தால் போதும் என்று மருத்துவ அறிஞர் முவஃப்பகுத்தீன் அப்துல் லத்தீஃப் அல்பக்தாதீ (1162–1231) கருதினார். டமாஸ்கஸின் இப்னுல் கய்யிம் (ரஹ்) (1292–1350) தமது ஸாதுல் மஆதில் இதனை மேலும் விரித்தார். வாற்கோதுமை நீர் முழுத் தானியத்தைக் காய்ச்சி எடுப்பது. தல்பீனா அரைத்த மாவைத் தவிட்டோடு காய்ச்சுவது. அரைக்கும்போது தானியத்தின் சத்து வெளிப்படுவதால் தல்பீனாவே கூடுதல் ஊட்டம் தரும் என்பது அவர்தம் கருத்து. நகரத்து மருத்துவர்கள் முழுத் தானியத்தின் தெளிநீரையே விரும்பியதற்கும் அவர் காரணம் காண்கிறார்: நகரத்தாரின் மென்மையான உடலுக்கு அது சுமையாக இராது. உணவும் மருந்தும் பயன் தருவதில் ஊராரின் பழக்கத்திற்கும் பங்குண்டு என்ற அவருடைய கூற்று இன்றும் சிந்திக்கத்தக்கது.

கவலைக்கும் கஞ்சிக்கும் என்ன தொடர்பு? இப்னுல் கய்யிம் தம் காலத்து மருத்துவ மொழியில் விடை தேடுகிறார். துயரம் உடலின் இயற்கை வெப்பத்தைத் தளர்த்துகிறது. இக்கஞ்சி அதனை வலுப்படுத்துகிறது என்பது ஒரு விளக்கம். துயருற்றவர் குறைவாக உண்பதால் உறுப்புகளும் குறிப்பாக இரைப்பையும் வறண்டு வலுவிழக்கின்றன. கஞ்சி அவற்றுக்கு ஈரமும் ஊட்டமும் அளிக்கிறது என்பது மற்றொன்று. முதல் விளக்கம் பண்டைய மருத்துவக் கோட்பாட்டைச் சார்ந்தது. இரண்டாவதை இழவு வீட்டில் ஓரிரவு தங்கியவர் எவரும் மறுக்கமாட்டார்.

காய்ச்சும் முறை

முதல் தேவை, தவிடு நீங்காத வாற்கோதுமை மாவு. நம் கடைகளில் 'பார்லி அரிசி' என்று கிடைக்கும் வெண்மணிகள் தீட்டப்பட்டவை. தவிட்டின் பெரும்பகுதி அவற்றில் போயிருக்கும். உமி மட்டும் நீக்கிய முழுத் தானியத்தை இளஞ்சூட்டில் வறுத்து, அரைத்து, சலிக்காமல் பயன்படுத்தினால் ஸஹ்ல் (ரலி) அவர்கள் விவரித்த மாவுக்கு அருகில் வரலாம்.

இரண்டு மேசைக்கரண்டி மாவை முதலில் சிறிது குளிர்ந்த நீரில் கட்டியின்றிக் கரைத்துக்கொள்ள வேண்டும். சூடான நீரில் நேரடியாகக் கொட்டினால் மாவு கட்டிபட்டுவிடும். உள்ளே பச்சை மாவு தங்கும். கரைத்ததை மேலும் நீர் சேர்த்து ஒரு கோப்பை அளவாக்கி (ஏறத்தாழ 250 மி.லி.), சிறு தீயில் 10 முதல் 15 நிமிடம்வரை கைவிடாமல் கிளற வேண்டும். மாவு வெந்து பச்சை வாடை நீங்கியதும் காய்ச்சிய பாலை அரைக் கோப்பை விட்டு ஒரு கொதி வந்ததும் இறக்கிவிடலாம். குடிக்கும் சூட்டுக்கு ஆறிய பிறகு ஒரு தேக்கரண்டி தேன் கலந்தால் தேனின் மணம் கெடாது. கரண்டியிலிருந்து தடையின்றி ஒழுகும் பதமே சரியான பதம். ஆறும்போது கஞ்சி மேலும் இறுகும் என்பதால் சற்று நீர்க்கவே இறக்குவது நன்று. நன்கு வெந்த நீர்த்த கஞ்சியே நோயாளிக்குப் பயன் தரும், வேகாத கெட்டிக் கஞ்சி தராது என்று இப்னுல் கய்யிமும் வலியுறுத்துகிறார். வாற்கோதுமை நீரின் பக்குவத்தையும் அவர் அளவோடு தருகிறார்: நொறுக்கிய தானியம் ஒரு பங்கு, நன்னீர் ஐந்து பங்கு, மிதமான தீயில் ஐந்தில் இரண்டு பங்கு எஞ்சும்வரை காய்ச்சி, வடித்து, இனிப்புச் சேர்த்து அருந்துவது.

விளம்பரமும் உண்மையும்

வாற்கோதுமையில் உள்ள 'பீட்டா குளுக்கான்' எனும் கரையும் நார்ப்பொருள் இரத்தக் கொழுப்பைக் குறைக்க உதவும் என்பது இன்று ஏற்கப்பட்ட செய்தி. அதன் அடிப்படையில் இதயநோய் அபாயம் குறைவது பற்றிய குறிப்பை வாற்கோதுமை உணவுகளில் அச்சிட அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2006இல் இறுதி விதி வெளியிட்டது. மனநிலையைப் பொறுத்தவரை, மலேசியாவின் முதியோர் பராமரிப்பு இல்லத்தில் 30 பேரிடம் நடத்தப்பட்டு 2013இல் வெளியான ஆய்வு, தல்பீனா அருந்தியபோது மனச்சோர்வின் அறிகுறிகள் குறைந்ததாகக் கூறியது. ஊக்கமளிக்கும் முடிவுதான், ஆனால் 30 பேரிடம் கண்டதைக் கொண்டு உலகுக்கே மருந்து என்று முரசறைவது அறிவுடைமை ஆகாது. கடும் மனச்சோர்வுக்கு ஆளானவருக்கு மருத்துவரின் உதவி வேண்டும். வாற்கோதுமையில் குளூட்டன் இருப்பதால் சீலியாக் நோய் உடையோர் அதனைத் தவிர்த்தாக வேண்டும். நீரிழிவு உடையோர் தேனின் அளவைக் கருதியாக வேண்டும். நபிமொழியின் மீதுள்ள மதிப்பு அது சொல்லாததை அதன்மேல் ஏற்றுவதால் உயர்வதில்லை. கவலையில் ஒரு பகுதியைப் போக்கும் என்ற அளவான சொல்லே அதன் அழகு.

தமிழ் முஸ்லிம்களாகிய நமக்குக் கஞ்சி அயலானதன்று. ரமளான் மாலைகளில் பள்ளிவாசல்களில் காய்ச்சப்படும் நோன்புக் கஞ்சியை நாம் அறிவோம். காய்ச்சலில் கிடப்பவருக்குப் பார்லித் தண்ணீர் தருவதும் நம் வீடுகளின் பழக்கமே. மவுத்து நேர்ந்த வீட்டில் அடுப்பெரியக் கூடாதென்று உறவினரும் அண்டை வீட்டாரும் சோறு அனுப்பும் வழக்கமும் நம் ஊர்கள் பலவற்றில் உயிர்ப்புடன் இருக்கிறது. ஜஅஃபர் குடும்பத்தாருக்கான கட்டளையின் எதிரொலி அது. எனினும் சில இடங்களில் நாள் கணக்கு வைத்து, துயருற்ற வீட்டாரே கடன் வாங்கி ஊருக்கு விருந்திடும் நிலையும் உண்டு. வந்தவர்கள் உண்டு செல்கிறார்கள். கணவனை இழந்தவரோ, மகனை இழந்தவரோ அன்று ஒரு கவளம் உண்டாரா என்று கேட்பார் இல்லை.

தல்பீனாவின் வரலாறு நம்மிடம் கேட்கும் கேள்வி இதுவே. வாற்கோதுமை கிடைக்காத ஊரில் அரிசிக் கஞ்சியும் அதே பணியைச் செய்யக்கூடும். தேன் இல்லாத வீட்டில் கருப்பட்டி அந்த இடத்தை நிரப்பும். ஊராரின் பழக்கத்திற்கும் பங்குண்டு என்று இப்னுல் கய்யிமே கூறிவிட்டார். மாற்றக் கூடாதது ஒன்றுண்டு: கூட்டம் கலைந்த பின், உண்ண மறுப்பவரின் அருகில் ஒரு கிண்ணம் இளஞ்சூட்டுக் கஞ்சியோடு அமர்ந்து, அவர் ஒரு மிடறாவது பருகும்வரை எழாமல் இருக்கும் ஒருவர் வேண்டும். அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் வீட்டில் அத்தகையவர் இருந்தார்; நம் வீடுகளிலும் இருக்கட்டும்.